மனநல வார்டில் செவிலியர் பற்றாக்குறை: நாம் யார் பக்கம் நிற்க வேண்டும்?

(உலக மனநல நாளையொட்டி நமது அறக்கட்டளை நடத்திய குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 10ஆம் தேதி உலக மனநல நாள். வழக்கமாக இந்தக் கூட்டத்துக்கு ஒரு டாக்டரை அழைப்போம். அவர் நோயைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் சொல்வார், நாமும் கேட்டுவிட்டுப் போவோம். இந்த ஆண்டு நானே பேசுகிறேன் என்று நிர்வாகக் குழுவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு லாத்தா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்கத்தான் இந்த உரை. அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன். தெரிந்தவர்களும் வெளியே பேச வேண்டாம்.

லாத்தாவின் தம்பிக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். இருபத்தைந்து வயதில் அவருக்கு மனநோய் வந்தது. தூக்கமில்லை. யாரோ தன்னைக் கொல்ல வருவதாகச் சொல்லித் தெருவில் ஓடுவார். அன்றைக்கு நமக்கு ஆஸ்பத்திரி தெரியாது, தெரிந்தது ஏர்வாடி மட்டும்தான். 1999இல் வேன் பிடித்து அவரைக் கூட்டிப்போனவர்களில் நானும் ஒருவன். தர்காவுக்குப் பக்கத்தில் ஒரு குடிலில் மாதப் பணம் கட்டி விட்டோம். காலில் சங்கிலி போட்டார்கள். "ஓடிப்போயிடாம இருக்கத்தான்" என்றார்கள். நாங்களும் சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பினோம். வரும் வழியில் டீ குடித்தோம். அதுவும் எனக்கு நினைவிருக்கிறது.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, விடியும் முன், ஏர்வாடியில் அப்படிப்பட்ட ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. கூரை வேய்ந்த கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். நம்மவர் அந்த இடத்தில் இல்லை, வேறோர் இடத்தில் இருந்தார். அல்ஹம்துலில்லாஹ், உயிரோடு வந்தார். அரசு அந்தக் குடில்களை எல்லாம் மூடியது. அங்கிருந்தவர்களில் பலர் அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். நம்மவர் வீட்டுக்கு வந்தபோது கணுக்காலைச் சுற்றிக் கருப்பு வளையம் போல ஒரு தழும்பு இருந்தது. அது இன்றும் இருக்கிறது.

பிறகு அரசு மருத்துவமனையில் மாத்திரை தொடங்கினார்கள். பல வருடம் நன்றாக இருந்தார். கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதினார். இரண்டு வருடத்துக்கு முன்பு மாத்திரையை நிறுத்திவிட்டார், நோய் திரும்பிவிட்டது. ஒரு மருத்துவமனையின் மனநல வார்டில் சேர்த்தோம். லாத்தா கூடவே இருந்தார். தரையில் பாய் விரித்துத் தூங்கினார். நான்காம் நாள் இரவு அவருக்குக் கலவரம் அதிகமாகி, பக்கத்துப் படுக்கைக்காரரைத் தள்ளிவிட்டார். வார்டில் நாற்பதுக்கு மேல் நோயாளிகள். இரவுப் பணியில் இருந்தது ஒரே ஒரு நர்ஸ், ஓர் உதவியாளர். ஊசி போட்டு, கைகளையும் கால்களையும் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். விடியும் வரை கட்டு அவிழவில்லை.

காலையில் நான் போனபோது லாத்தா கேட்டார்: "அன்னைக்குச் சங்கிலி, இன்னைக்குத் துணி. என்ன தம்பி வித்தியாசம்?"

அந்த நர்ஸிடமும் பேசினேன். என் மகள் வயதுதான் இருக்கும். கோபமாகத்தான் போனேன். அவர் சொன்னார்: "சார், அவர் பக்கத்துல ஒரு மணி நேரம் உக்காந்து பேசியிருந்தா கட்டியிருக்கவே வேண்டாம். எனக்கும் அது தெரியும். ஆனா அந்த ஒரு மணி நேரம் மத்த நாப்பது பேரையும் யார் பார்ப்பாங்க?" எனக்குக் கோபம் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

மனநலச் செவிலியர் என்ன செய்கிறார்?

சகோதரர்களே, மற்ற வார்டுகளில் நோயை மெஷின் காட்டும். மனநல வார்டில் மெஷின் இல்லை. நோயாளியைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு மனிதர்தான் அங்கே மெஷின். டாக்டர் காலையில் சுற்றி வருவார், ஒரு நோயாளியிடம் சில நிமிடம் நிற்பார். மீதி நேரம் முழுக்கச் செவிலியர்தான். மாத்திரையை விழுங்கினாரா, நாக்குக்கு அடியில் ஒளித்தாரா என்று பார்ப்பவர் அவர். சாப்பிடாமல் இருப்பவரை, தண்ணீர் குடிக்காமல் இருப்பவரைக் கவனிப்பவர் அவர். நேற்று வரை அழுதுகொண்டிருந்தவர் இன்று திடீரென்று அமைதியாகிவிட்டால், அது குணமா, தற்கொலை முடிவா என்று சந்தேகப்படத் தெரிந்தவர் அவர். ஒருவருக்குக் கோபம் ஏறும்போது, அது அடிதடியாக மாறுமுன் பேச்சால் இறக்கத் தெரிந்தவரும் அவர்தான். இதற்கென்று தனிப் பயிற்சியே இருக்கிறது. நர்ஸிங் முடித்த பிறகு ஒரு வருட மனநலச் செவிலியர் டிப்ளமோ உண்டு, எம்.எஸ்சி. படிப்பும் உண்டு.

அந்த ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? கதவு பூட்டப்படும். ஊசி அதிகமாகும். கட்டு வரும். "அட்டெண்டர் இல்லாமல் சேர்க்க மாட்டோம்" என்று குடும்பத்தைக் கூட உட்கார வைப்பார்கள். செவிலியர் செய்ய வேண்டிய வேலையை ஒரு தாயோ அக்காவோ எந்தப் பயிற்சியும் இல்லாமல் செய்வார்கள். நம் வீட்டில் நடந்தது இதுதான்.

பற்றாக்குறை எவ்வளவு பெரியது? உலகச் சுகாதார நிறுவனம் மனநலப் பணியாளர்களைக் கணக்கெடுத்து வருகிறது. டாக்டர், செவிலியர், உளவியலாளர் எல்லாரையும் சேர்த்து, உலகச் சராசரி ஒரு லட்சம் பேருக்கு 13 பேர் என்று 2020ஆம் ஆண்டுக்கான அறிக்கை சொன்னது. பணக்கார நாடுகளில் அது 60க்கு மேல், ஏழை நாடுகளில் 2க்கும் கீழே. நம் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநலச் செவிலியர்கூட இல்லை. ஆனால் நோயாளிகள் குறைவா? பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. தமிழ்நாடும் அந்த ஆய்வில் சேர்ந்த மாநிலம்தான். பத்துப் பேரில் ஒருவர் என்றால், இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் எந்தக் குடும்பமும் வெளியே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

ஏர்வாடிக்குப் பிறகு பல வருடம் கழித்து, 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. 2018 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 95ஆம் பிரிவு, மனநோயாளியை எந்த வகையிலும் எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் தர்காவுக்கும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

97ஆம் பிரிவு கட்டிவைப்பது பற்றியது. நோயாளிக்கோ மற்றவருக்கோ உடனடி ஆபத்து இருந்து, வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான் கட்டலாம். மனநல மருத்துவர் அனுமதி வேண்டும். தேவையான நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் கூடாது. தண்டனையாகக் கட்டக் கூடாது. இதற்கு மேல் ஒன்று சொல்கிறது, அதைக் கவனமாகக் கேளுங்கள். ஆள் குறைவு என்ற காரணத்துக்காக மட்டும் கட்டக் கூடாது. பற்றாக்குறையைப் பெயர் சொல்லியே சட்டம் தடுக்கிறது. ஆள் இல்லாத இடத்தில்தான் கட்டு வரும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் சட்டம் பாதி வேலையைத்தான் செய்தது. கட்டாதே என்று சொன்னது. கட்டாமல் பார்த்துக்கொள்ளும் ஆளை யார் தருவது? அந்த மறுபாதியைக் கேட்டுத்தான் செவிலியர்கள் தெருவில் நிற்கிறார்கள். இதை நாம் புரிந்துகொள்ளவில்லை.

ஏன் ஆள் இல்லை?

நர்ஸிங் படித்தவர்கள் நம் மாநிலத்தில் குறைவில்லை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கல்லூரிகளிலிருந்து வெளியே வருகிறார்கள். குறைவாக இருப்பது பதவிகளும் சம்பளமும்தான். பொது வார்டுக்கே இந்திய நர்ஸிங் கவுன்சில் சொல்லும் அளவு, கற்பிக்கும் மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்றவற்றில் 5 நோயாளிக்கு ஒருவர். அந்த அளவை உங்களில் யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா?

மனநல வார்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. மனநலப் பயிற்சி பெற்றவரை அங்கேயே வைப்பதில்லை. பிரசவ வார்டில் ஆள் இல்லை என்றால் அவரை அங்கே மாற்றிவிடுவார்கள். படித்த படிப்பு வீணாகும். அடி வாங்கும் அபாயம் உள்ள வேலை, அதற்கென்று தனி மதிப்பில்லை. "பைத்தியக்கார ஆஸ்பத்திரி நர்ஸா?" என்று பெண் பார்க்க வருபவர்கள் முகம் சுளிக்கிறார்கள். நம் மக்களும் அதில் உண்டு.

படித்தவர்கள் வெளிநாடு போகிறார்கள். இங்கிலாந்தில் பதிவுசெய்துள்ள வெளிநாட்டுச் செவிலியர்களில் இந்தியரும் பிலிப்பைன்ஸ்காரரும்தான் அதிகம். போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நம் தெருவில் பாதி வீடு வளைகுடாப் பணத்தில் கட்டியது.

சங்கங்கள் என்ன செய்தன?

தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் தேர்வு நடத்தி ஆயிரக்கணக்கான செவிலியர்களை ஒப்பந்த முறையில் எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருடத்தில் நிரந்தரமாக்குவார்கள் என்ற நம்பிக்கையில் சேர்ந்தார்கள். அது நடக்கவில்லை. 2017 நவம்பர் கடைசியில் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். கைக்குழந்தையோடு வந்த பெண்களும் இருந்தார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டது, மூன்று நாளில் பணிக்குத் திரும்பினார்கள். கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் தொகுப்பூதியம் படிப்படியாக உயர்ந்தது, கொஞ்சம் கொஞ்சமாகப் பலர் நிரந்தரமாக்கப்பட்டார்கள்.

கொரோனா காலத்தில் எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தற்காலிகச் செவிலியர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு நீட்டிக்கப்படவில்லை. நாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு இருந்தபோது வார்டில் நின்றவர்கள் இவர்கள். மாற்றுப் பணி தருவதாக அரசு சொன்னது. எங்களுக்கு உறுதியான வேலை வேண்டும் என்று அவர்கள் மீண்டும் தெருவுக்கு வந்தார்கள்.

பக்கத்துக் கேரளாவைப் பாருங்கள். அங்கே தனியார் மருத்துவமனைச் செவிலியர்கள் 2011இல் யுனைட்டட் நர்ஸஸ் அசோசியேஷன் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். வருடக்கணக்கில் போராடினார்கள். உச்ச நீதிமன்ற உத்தரவின்படி மத்திய அரசு அமைத்த குழு, சிறிய தனியார் மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016இல் பரிந்துரைத்திருந்தது. பரிந்துரை தாளில் இருந்தது. 2018 ஏப்ரலில் செவிலியர்கள் தலைநகரை நோக்கி நெடும் நடைப்பயணம் அறிவித்தார்கள். அது தொடங்கும் முன்பே கேரள அரசு 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளமாக அறிவித்தது. தாளில் இருந்ததைச் சட்டமாக்கியது சங்கம்தான்.

சம்பளம் மட்டுமா கேட்கிறார்கள் என்றால், இல்லை. ஆள் எண்ணிக்கையையும் கேட்டு வாங்கிய இடம் உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் செவிலியர் சங்கம் பல வருடம் போராடி, ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிக்கு மேல் கூடாது என்று 1999இல் சட்டம் கொண்டுவர வைத்தது. 2004இல் அது நடைமுறைக்கு வந்தது. மனநல வார்டுக்கு அங்கே அளவு, 6 நோயாளிக்கு ஒரு செவிலியர். லாத்தாவின் தம்பி இருந்த வார்டில் நாற்பது பேருக்கு ஒருவர். 6 எங்கே, 40 எங்கே? அந்த வித்தியாசத்துக்குள்தான் கட்டு இருக்கிறது.

"நோயாளியை விட்டுவிட்டுப் போராட்டமா?"

செவிலியர் போராட்டம் என்று செய்தி வரும்போதெல்லாம் நம் வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கேள்வி வரும். நானும் முன்பு அப்படித்தான் எழுதியிருக்கிறேன். நியாயமான கேள்விதான். நோயாளி அமானிதம், அவரை விட்டுப் போக முடியாது. மனநல வார்டில் அது இன்னும் கடினம். ஓர் இரவு ஆள் இல்லாமல் போனால் உயிர் போகலாம்.

இதற்குச் சங்கங்களே பதில் வைத்திருக்கின்றன. இங்கிலாந்தில் ராயல் காலேஜ் ஆஃப் நர்ஸிங் என்ற அமைப்பு 1916இல் தொடங்கியது. இங்கிலாந்து முழுமைக்குமான வேலைநிறுத்தத்தை அது முதன்முதலில் நடத்தியது 2022 டிசம்பர் 15ஆம் தேதிதான். நூறு வருடத்துக்கு மேல் அந்த எல்லைக்குப் போகாதவர்கள், சம்பளமும் காலிப் பணியிடங்களும் தாங்க முடியாத நிலைக்கு வந்த பிறகுதான் போனார்கள். அன்றும் தீவிர சிகிச்சை, டயாலிசிஸ் போன்ற பிரிவுகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். மனநலச் சேவையின் சில பகுதிகளுக்கும் விலக்கு உண்டு. நம் ஊரிலும் பெரும்பாலும் கோரிக்கை அட்டை அணிந்து வேலை செய்வது, வாயிற்கூட்டம், விடுப்பு நாளில் உண்ணாவிரதம் என்றுதான் தொடங்குகிறார்கள். அந்தக் கட்டங்களில் நாம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வேலைநிறுத்தம் வந்த பிறகுதான் நமக்குக் கண் தெரிகிறது.

உயிர் காக்கும் பணியை நிறுத்தும் போராட்டத்தை நான் ஆதரிக்கவில்லை. அதைச் சங்கத்துக்காரர்களிடமும் சொல்வேன். ஆனால் போராட்டம் நடக்காத நாளிலும் அந்த வார்டில் ஆள் இல்லையே! ஒரு நாள் வேலைநிறுத்தத்துக்குக் கோபப்படுகிற நாம், 365 நாளும் நடக்கிற ஆள் குறைவுக்குக் கோபப்பட்டோமா? உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்க வேண்டும் என்பது நமக்குச் சிறு வயதிலிருந்து சொல்லித்தந்த பாடம். அது கடைக்காரருக்கு மட்டும் சொன்னதல்ல. அரசுக்கும், ஆஸ்பத்திரிக்கும், நமக்கும் சேர்த்துத்தான்.

நம் வீட்டுக் கணக்கு

நமக்கும் என்று சொன்னேன். அதையும் சொல்லிவிடுகிறேன். நம் அறக்கட்டளையின் இலவச மருந்தகத்தில் ஒரு நர்ஸ் வேலை பார்த்தார். மனநல மாத்திரை வாங்குபவர்களின் பட்டியலை வைத்திருந்து, யார் வரவில்லையோ அவர் வீட்டுக்கே போன் செய்வார். நாம் கொடுத்த சம்பளம் 6,500 ரூபாய். "தர்ம காரியம்தானே, நன்மை கிடைக்கும்" என்று சொல்லி உயர்த்தாமல் இருந்தோம். அப்படிச் சொன்னவர்களில் நான்தான் முதல் ஆள். அவர் வேலையை விட்டுப் போனார். ஏழு மாதம் அந்த இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. அந்த ஏழு மாதத்தில்தான் லாத்தாவின் தம்பி மாத்திரையை நிறுத்தினார். போன் செய்ய யாரும் இல்லை.

இதற்குக் காரணம் நாம்தான் என்று நான் முழுசாகச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. நன்மை அவருக்கு அல்லாஹ்விடம் கிடைக்கும். சம்பளம் நம்மிடம்தான் கிடைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கி நாம் தப்பித்துக்கொண்டோம். போன மாதக் குழுக் கூட்டத்தில் அந்தப் பணிக்கு 18,000 ரூபாயும், வார விடுமுறையும் தருவதென்று தீர்மானம் நிறைவேறியது. செலவு கூடும். இந்த ரமலான் வசூலில் உங்களிடம் அதற்காகவே கேட்பேன்.

நாம் செய்யக் கூடியவை

முதலாவது, உரிமையைத் தெரிந்துகொள்ளுங்கள். 2017 சட்டப்படி நோயாளி தனக்கு ஒரு நியமனப் பிரதிநிதியை எழுதிக் கொடுக்கலாம். நோயாளியைக் கட்டினால் ஒவ்வொரு முறையும் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பிரதிநிதிக்குத் தெரிவிக்க வேண்டும். கேளுங்கள். ஆனால் நர்ஸிடம் சண்டை போடாதீர்கள். மருத்துவமனை நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்: அன்று இரவு பணியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று. நர்ஸும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நம் மாவட்டத்தில் மனநலப் பிரிவுக்கும் மாவட்ட மனநலத் திட்டத்துக்கும் அனுமதிக்கப்பட்ட செவிலியர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை, மனநலப் பயிற்சி பெற்றவர் எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு மனு தயாராக உள்ளது. பதில் வந்ததும் இந்த மடலிலேயே வெளியிடுவோம், இன்ஷா அல்லாஹ்.

மூன்றாவது, ஒரு கோரிக்கை மனு. இரவில் ஒரு மனநல வார்டுக்குக் குறைந்தது இரண்டு செவிலியர், காலியிடங்களை நிரப்புதல், மனநலப் பயிற்சி பெற்றவரை வேறு வார்டுக்கு மாற்றாமை, ஒப்பந்தச் செவிலியருக்கு உறுதியான பணி. இந்த நான்கும் செவிலியர் சங்கங்கள் கேட்பவைதான். இம்முறை நோயாளிக் குடும்பங்கள் கேட்கும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுப்போம். செவிலியர் கேட்டால் சம்பளத்துக்காக என்பார்கள். நோயாளியின் தாய் கேட்டால் என்ன சொல்வார்கள்?

நான்காவது, நம் கல்வி உதவித்தொகையில் நர்ஸிங்குக்கு வரும் ஆண்டு முதல் இரண்டு இடம் தனியாக ஒதுக்குகிறோம். மனநலச் செவிலியர் டிப்ளமோ படிப்பவருக்கு முழுக் கட்டணம். பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களிடமும், ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்களிடமும் கேட்கிறேன். ஆண் நோயாளிகள் வார்டில் ஆண் செவிலியருக்குத் தேவை அதிகம். வெட்கப்பட வேண்டிய வேலை இல்லை இது.

ஐந்தாவது, வார்டில் துணைக்கு இருப்பவருக்குத் துணை. மூன்று இரவு தூங்காத தாய்க்கு ஓர் இரவு வீட்டுக்குப் போய்ப் படுக்க, பதிலுக்கு உட்கார இளைஞர்களும் பெண்களும் பெயர் கொடுங்கள். இது செவிலியருக்கு மாற்று அல்ல. ஆள் வரும் வரை நாம் செய்யக் கூடிய சின்ன உதவி.

வீட்டில் யாருக்காவது மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். துஆவும் செய்யுங்கள், மருந்தும் கொடுங்கள். ஏர்வாடியிலேயே இன்று தர்காவுக்கு வருபவர்களுக்கு அரசு மனநல மருத்துவர்கள் மருந்து கொடுக்கிறார்கள்.

கடைசியாக, லாத்தாவின் கேள்வி. சங்கிலிக்கும் துணிக்கும் என்ன வித்தியாசம்? சங்கிலி போட்டபோது அதைப் பெயர் சொல்லித் தடுக்கும் சட்டம் இல்லை, பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற ஆளும் இல்லை. இன்று சட்டம் இருக்கிறது, ஆள் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான் லாத்தா. அந்த ஆளைக் கேட்டு ஒரு கூட்டம் தெருவில் நிற்கிறது. அவர்களைப் பார்த்து, "நோயாளியை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்" என்று இனி நான் எழுத மாட்டேன்.

1999இல் என்னோடு வேனில் வந்தவர்களில் இருவர் இன்று இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களும் நானும் மனுவில் முதலில் கையெழுத்துப் போடுகிறோம். மனு வாசலில் மேஜை மேல் இருக்கிறது. அஸருக்குப் பிறகு மஃரிப் வரை பொறுப்பாளர் இருப்பார். பெண்களுக்கு மாடியில் தனி மேஜை.

நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், அவர்களைக் கவனிப்பவர்களுக்குப் பொறுமையையும் உரிய கூலியையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.